கொல்லிமலையைப் பாடிய வன்பரணர்: அரங்கிலிருந்து அச்சுக்கு

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பாடியவர் என்று புறநானூறு அடையாளம் காட்டும் புலவர்கள் இருவர். ஒருவர் கழைதின் யானையார். மற்றவர் வன்பரணர். கழைதின் யானையார் ஓரியிடம் பாடியதாக உள்ளது ஒரே பாட்டு, 204 ஆம் பாட்டு. இரப்பது இழிவு, இல்லையென்பது அதனினும் இழிவு, கொடுப்பது உயர்வு, கொள்ள மறுப்பது அதனினும் உயர்வு என்று நான்கு நிலைகளை அடுக்கிச் சொல்லும் அந்தப் பாட்டை மேடைப் பேச்சாளர்கள் இன்றும் எடுத்தாள்கிறார்கள். வன்பரணருக்கு அந்தப் புகழ் வாய்க்கவில்லை. ஆனால் ஒரு பாடற்குழு காட்டுவழியில் நின்று எப்படிப் பாடத் தொடங்கியது, யார் யார் எந்தக் கருவியை எடுத்தார்கள், கேட்டவன் என்ன செய்தான் என்று முழு நிகழ்ச்சியையும் பாட்டுக்குள்ளேயே வைத்துக் கொடுத்தவர் அவர்தான். பழந்தமிழ்ப் பாட்டு பாடப்பட்டதா எழுதப்பட்டதா என்று ஆய்வாளர்கள் நடத்திவரும் வாதத்தில் அவருடைய பாட்டுகளுக்குத் தனி இடம் உண்டு.

வன்பரணர் பெயரில் கிடைப்பவை 7 பாட்டுகள். புறநானூற்றில் 148, 149, 150 ஆகிய மூன்றும் கண்டீரக் கோப்பெருநள்ளியைப் பற்றியவை. 152, 153 இரண்டும் ஓரியைப் பற்றியவை. 255 எந்த அரசனையும் சாராத முதுபாலைப் பாட்டு. ஏழாவது நற்றிணையின் 374 ஆம் பாட்டு. நள்ளியும் ஓரியும் கடையெழு வள்ளல்கள் வரிசையில் வருபவர்கள். பெருஞ்சித்திரனாரின் 158 ஆம் புறப்பாட்டும், பத்துப்பாட்டில் உள்ள சிறுபாணாற்றுப்படையும் அந்த எழுவரைப் பட்டியலிடுகின்றன. இருவரும் மலைநாட்டுத் தலைவர்கள். நள்ளிக்குத் தோட்டி மலை, ஓரிக்குக் கொல்லி.

கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. 1997இல் அந்த மாவட்டம் பிரிக்கப்படும் வரை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்ததால் பழைய உரைநூல்களில் சேலத்து மலையாகவே குறிக்கப்பட்டிருக்கும். கிழக்குத் தொடர்ச்சி மலையில் கடல்மட்டத்துக்கு 1000 மீட்டருக்கு மேல் எழும் இந்த மேட்டுநிலத்துக்குக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற வேண்டும். சங்கப் பாட்டுகளில் இந்த மலைக்குப் பலாவும் தேனும் அருவியும், பார்ப்பவரை மயக்கிக் கொல்லும் கொல்லிப்பாவையும் அடையாளம். கபிலரும் பரணரும் பாவையின் அழகைத் தலைவியின் அழகுக்கு ஒப்பிட்டுப் பாடியிருக்கிறார்கள். ஓரியின் முடிவையும் பாட்டுகளே சொல்கின்றன. முள்ளூர் மன்னன் காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரருக்குக் கொடுத்தான் என்பது அகநானூறு 209இல் கல்லாடனார் தரும் செய்தி. ஓரியைக் கொன்ற பிறகு காரி அவனுடைய தெருவில் நுழைந்தபோது எழுந்த ஆரவாரத்தைக் கபிலர் நற்றிணை 320இல் உவமையாக்குகிறார். ஆகவே வன்பரணரின் ஓரிப் பாட்டுகள் அந்த வீழ்ச்சிக்கு முந்திய கொல்லியின் குரல் என்று கொள்ளத் தகும்.

152 ஆம் பாட்டு 32 அடிகள் கொண்டது. ஒரு வேட்டைக் காட்சியோடு அது தொடங்குகிறது. விடப்பட்ட அம்பு ஒன்று யானையை வீழ்த்துகிறது, புலியைக் கொல்கிறது, புள்ளிமானை உருட்டுகிறது, காட்டுப்பன்றியைச் சாய்க்கிறது, கடைசியில் புற்றிலிருக்கும் உடும்பில் போய்த் தைக்கிறது. எய்தவன் யார் என்று வழியில் வந்த பாடற்குழுவுக்குத் தெரியாது. கூலிக்கு வேட்டையாடுபவன் போலவும் இல்லை. மார்பில் ஆரம் தொங்குகிறது. செல்வன் போலத் தோன்றுகிறான். இவன் ஓரிதானோ, அல்லனோ என்று குழுத்தலைவன் ஐயப்படுகிறான்.

அடுத்து வருவது கூத்தர் கூட்டத்தின் பின்கட்டில் நின்று கேட்பது போன்ற பகுதி. தலைவன் விறலியிடம், தான் ஒரு வண்ணம் பாடப் போவதாகச் சொல்கிறான். உடனே குழுவினர் பக்கம் திரும்பி அடுக்கடுக்காக ஏவுகிறான். முழவுக்கு மார்ச்சனை அமைக்க வேண்டும். யாழில் பண் நிறுத்த வேண்டும். யானையின் துதிக்கை போன்ற நெடுந்தூம்பை ஊத வேண்டும். எல்லரியைத் தொட வேண்டும், சிறுபறையாகிய ஆகுளியைத் தொட வேண்டும். பதலையின் ஒரு கண்ணை மட்டும் மெல்ல இயக்க வேண்டும். பிடித்துக்கொள்ளும் கரிய கோலைக் கையில் தர வேண்டும். ஆறே அடிகளுக்குள் தோற்கருவி, நரம்புக்கருவி, துளைக்கருவி எல்லாம் வந்துவிடுகின்றன. எந்தக் கருவி ஓங்க வேண்டும், எது அடங்கி ஒலிக்க வேண்டும் என்பதும் சொல்லப்படுகிறது. பதலைக்கு மட்டும் மெல்ல என்று தனிக் குறிப்புக் கொடுத்திருப்பது, குழுவின் இசை கூடும் விதத்தைக் காதால் அறிந்த ஒருவரின் சொல்லாகவே படுகிறது. ஏவல் வினைகள் ஒரே ஈற்றோடு திரும்பத் திரும்ப வருவதால் அந்த அடிகளின் ஓட்டமே கருவிகள் ஒவ்வொன்றாகச் சேரும் ஓசையைப் பெற்றுவிடுகிறது. வாய்விட்டுப் படித்தால்தான் இது புலப்படும்.

பிறகு குழு அவனை நெருங்குகிறது. இருபத்தொரு துறைகளையும் முறையாகப் பாடி முடிக்கிறார்கள். வலிவு, மெலிவு, சமன் என்னும் மூன்று தானங்களிலும் ஏழேழாக வரும் பாடல்முறை என்று இதற்கு உரை சொல்வது வழக்கம். பாட்டின் முடிவில் அரசனை விளிக்கும் சொல்லால் அவனை அழைக்கிறார்கள். அது தன் பெயராகவே இருப்பதால் அவன் நாணுகிறான். நாடு நாடாக வருகிறோம், உன்னைப் போன்ற வேட்டுவன் ஒருவனும் இல்லை என்று தொடங்கித் தாங்கள் வேண்டியதைச் சொல்ல வாயெடுக்கிறார்கள். அவன் அதற்கு இடம் கொடுக்கவில்லை. தான் கொன்ற மானின் கொழுத்த இறைச்சியை வேகவைத்துக் கொடுக்கிறான். உருக்கிய ஆநெய் போன்ற கள்ளைத் தருகிறான். தன் மலையில் பிறந்த பொன்னையும் பல மணிகளையும் சேர்த்து, கொள்ளுங்கள் என்று அந்தச் சுரத்திடையிலேயே கொடுத்துவிடுகிறான். இத்தனைக்கும் பிறகு, கடைசி மூன்று அடிகளில்தான் கொல்லியின் பெயர் வருகிறது. அவனே கொல்லிக்குத் தலைவன், எதையும் தனக்கென்று காத்துவைக்காத ஈகையாளன் என்று பாட்டு முடிகிறது.

ஓரியின் வில்லாற்றலைச் சொல்ல இந்தப் பாட்டை மேற்கோள் காட்டுபவர்கள் பலர். ஒரே அம்பு ஐந்து உயிர்களைத் துளைத்த கதை அவ்வளவு கவர்ச்சியானது. ஆனால் பாட்டின் நடுப்பகுதியில் நிற்பது இசைக்குழுவின் ஆயத்தம். அம்பைப் பேசி நிறுத்திக்கொள்பவர்கள் பாட்டில் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

153 ஆம் பாட்டு 12 அடிகளே உடையது. ஓரியின் மழை போன்ற கொடையைக் காணத் தம் கூத்தர் சுற்றம் சென்றது என்று புலவர் தொடங்குகிறார். அவர்கள் பெற்றவை குளத்தில் பூக்காத குவளைகள். மணிகளை இடையிட்டுச் செய்த அந்தப் பூக்களை வெள்ளி நாரில் தொடுத்த கண்ணிகளும், அணிகலன்களும், யானைகளும் கிடைத்தன. பசி நீங்கியது. அதனால்தானோ என்னவோ, இன்னியங்கள் முழங்கியும் அவர்கள் ஆடவில்லை, பாடவும் மறந்துவிட்டார்கள் என்று முடிக்கிறார். நள்ளியைப் பற்றிய 149 ஆம் பாட்டும் இதே நரம்பைத் தொடுகிறது. 5 அடிகளே உள்ள அதில், பாணர்கள் காலையில் பாட வேண்டிய மருதப் பண்ணை மாலையிலும், மாலைக்குரிய செவ்வழியைக் காலையிலும் பாடுகிறார்கள். பாணர் மரபையே மறந்துவிட்டார்கள். அந்தப் பழி நள்ளியின் கொடையைச் சேரும் என்கிறார். கொடையைப் புகழ்வதற்காகப் பாடுவோரின் தொழில் குலைவதைச் சொல்வது வன்பரணருக்கே உரிய கூர்மை. பண்ணுக்கும் பொழுதுக்கும் உள்ள உறவை அறியாத ஒருவர் இந்தப் பாட்டைக் கட்டியிருக்க முடியாது. கேட்டவர்களும் அதை அறிந்தவர்களாக இருந்தால்தான் பாட்டு சுவைத்திருக்கும்.

இந்தப் பாட்டுகள் இன்றைய வாசகரின் கைக்கு வந்து சேர்ந்த வழியில் பலருடைய உழைப்பு படிந்திருக்கிறது. முதலில் தொகுத்தவர்களின் கை. எட்டுத்தொகையில் ஒன்றாகிய புறநானூற்றைத் தொகுத்தபோது ஒவ்வொரு பாட்டின் கீழும் திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர் என்ற குறிப்புகள் சேர்ந்தன. 152க்குப் பாடாண் திணை, பரிசில் விடைத் துறை. 153க்கும் பாடாண் திணையே, துறை இயன்மொழி. ஓரியின் பெயர் பாட்டுகளுக்குள்ளேயே இருக்கிறது. வன்பரணர் என்ற பெயரோ இந்த உரைநடைக் குறிப்பில் மட்டும்தான் இருக்கிறது. அந்த ஒரு வரி இல்லையென்றால் இந்தப் பாட்டுகள் பெயரற்ற ஒரு பாணர்கூட்டத்தின் குரலாகவே நின்றிருக்கும். பாட்டுக்குள் பேசுபவன் விறலியோடும் முழவோடும் வழிநடக்கும் குழுத்தலைவன். குறிப்பில் இருப்பதோ ஒரு புலவரின் பெயர். பின்னால் வந்த ஆய்வாளர்களின் சிக்கல் இந்த இடைவெளியிலிருந்துதான் கிளம்பியது.

பிறகு ஏடு. ஓலைச்சுவடியில் பாட்டு அடி அடியாகப் பிரிந்து இராது. சொற்கள் தொடர்ந்து ஓடும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் பழக்கம் இல்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒன்றாகவே எழுதப்படும். பாட்டை முன்பே காதால் அறிந்தவருக்கு இது தடையில்லை. பாடம் சொல்லும் மரபு அறுந்த பிறகு ஏட்டைக் கையில் எடுப்பவருக்கோ ஒவ்வொரு வரியும் புதிர்.

உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பழைய உரையோடு அச்சிட்டார். சீவக சிந்தாமணி 1887இலும், பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும் அவர் கையால் வெளிவந்திருந்தன. நானூறு பாட்டுகளில் 267, 268 ஆகிய இரண்டும் கிடைக்கவில்லை. பழைய உரை முதல் 266 பாட்டுகளுக்கு மட்டுமே இருந்தது. வன்பரணரின் புறப்பாட்டுகள் ஆறும் அந்த எல்லைக்குள் அமைந்தது தமிழ் வாசகரின் பேறு. எல்லரி, ஆகுளி, பதலை போன்ற கருவிப் பெயர்கள் வழக்கொழிந்த காலத்தில் உரையின் துணையின்றி 152 ஆம் பாட்டைத் திறந்திருக்க முடியாது. அச்சில் அடிகள் பிரிந்தன, ஐந்தடிக்கு ஓர் எண் பக்க ஓரத்தில் ஏறியது, பாட வேறுபாடுகள் அடிக்குறிப்புக்குப் போயின. பாடினோர் வரலாறும் பாடப்பட்டோர் வரலாறும் அகரவரிசையில் சேர்க்கப்பட்டன. ஏட்டில் துறைக்கும் திணைக்கும் எடுத்துக்காட்டாக இருந்த ஒரு பாட்டு, அச்சில் ஒரு மனிதரின் படைப்பாக மாறத் தொடங்கியது.

அந்த மாற்றத்தை முழுமையாக்கியது 1940இல் சைவ சித்தாந்த மகா சமாஜம் வெளியிட்ட சங்க இலக்கியப் பதிப்பு. எஸ். வையாபுரிப்பிள்ளை உருவாக்கிய அந்தப் பதிப்பில் பாட்டுகள் தொகைநூல் வாரியாக இல்லாமல் புலவர் வாரியாக அடுக்கப்பட்டன. நள்ளியும் ஓரியும் காட்டில் மடிந்த வீரனின் மனைவியும் நற்றிணைத் தலைவனும் முதன்முறையாக ஒரே பெயரின் கீழ் அடுத்தடுத்து வந்தார்கள். ஒரு கவிஞரின் தொகுப்பு என்று இன்று சொல்லப்படுவதற்கு நிகரான ஒன்று வன்பரணருக்கு அப்போதுதான் கிடைத்தது. பரணர் என்ற பெருங்கவிஞரிலிருந்து வன்பரணர் வேறானவர் என்ற பிரிப்பையும் இவ்வகைப் பட்டியல்கள் நிலைநிறுத்தின. ஏடு எழுதுபவரின் கையில் முன்னொட்டு ஒன்று விழுந்தாலும் சேர்ந்தாலும் ஒரு புலவர் மறைவார் அல்லது தோன்றுவார்; ஆகையால் பதிப்பாசிரியரின் முடிவு இங்கே சிறிய செய்தி ஆகாது.

ஔவை சு. துரைசாமிப் பிள்ளையின் விரிந்த உரை சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் வழியாக 1947இலும் 1951இலும் இரண்டு பகுதிகளாக வந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் பாடியவர், பாடப்பட்டவர், ஊர், மலை பற்றிய விளக்கத்தை அவர் எழுதிச் சேர்த்தார். கல்லூரி மாணவர்கள் மூன்று தலைமுறைகளாகப் புறநானூற்றைப் படித்தது பெரும்பாலும் இந்த உரையின் வழியேதான். 1950களின் இறுதியில் மர்ரே எஸ். ராஜம் பதிப்புகள் சந்தி பிரித்து, எளிய விலையில், பொதுவாசகரைத் தேடி வந்தன. சந்தி பிரித்தது பொருளை எளிதாக்கியது. ஓசை சற்றே உடைந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எழுத்து எழுத்தாகப் பிணைந்து ஓடும் அகவல் ஓட்டத்தைச் சொல் சொல்லாகப் பிரித்து அடுக்கினால் கண் விரைவாகப் படிக்கும், வாய் தடுக்கும்.

அச்சான பாட்டுகளை முதலில் வரவேற்றவர்கள் வரலாறு தேடியவர்கள். வி. கனகசபைப் பிள்ளையின் ‘ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழகம்’ ஆங்கிலத்தில் 1904இல் நூலாக வந்தபோது, புறநானூறு அரசர் வரிசையும் போர்களும் கொடையும் தரும் ஆவணமாகப் பயன்பட்டது. ஓரி யார், காரி எப்போது அவனை வென்றான், கொல்லி எந்தச் சேரனிடம் போனது என்பவையே அந்தத் தலைமுறையின் கேள்விகள். பாட்டு எப்படிப் பாட்டாகிறது என்ற கேள்வி வெகுகாலம் காத்திருந்தது.

அதைக் கேட்டவர் யாழ்ப்பாணத்து க. கைலாசபதி. இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கிரேக்க அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்தவர் அவர். அவருடைய ‘தமிழ் வீரநிலைக் கவிதை’ 1968இல் ஆக்ஸ்போர்டிலிருந்து ஆங்கிலத்தில் வெளிவந்தது. பின்னாளில் தமிழாக்கமும் வந்தது. அவருக்கு முன்பு ஹோமரின் காவியங்களை ஆராய்ந்த மில்மன் பாரி என்ற அமெரிக்கர், 1930களில் யூகோஸ்லாவியாவுக்குப் போய், எழுத்தறியாத பாடகர்கள் ஆயிரக்கணக்கான அடிகளை நினைவிலிருந்து கட்டிப் பாடுவதைப் பதிவு செய்தார். அவர்கள் பாட்டை மனப்பாடம் செய்து ஒப்பிக்கவில்லை. ஆயத்தமாக உள்ள தொடர்களையும், திரும்பத் திரும்ப வரும் காட்சிகளையும் கொண்டு பாடும்போதே கட்டினார்கள். பாரியின் மாணவர் ஆல்பர்ட் லார்டு 1960இல் எழுதிய ‘கதைப்பாடகன்’ இதை ஒரு கோட்பாடாக நிறுவியது. கைலாசபதி இந்த அளவுகோலைச் சங்கப் பாட்டுகளின் மேல் வைத்தார். பாணர், பொருநர், கூத்தர், விறலியர், புலவர் ஆகியோரை ஒரே வாய்மொழி மரபின் மக்களாகப் பார்த்தார். மலைக்கு உரிமை சொல்லி வள்ளலை அடையாளம் காட்டும் ஆயத்தத் தொடர்களும், மலையையும் பெயரையும் ஈகையையும் இறுதி அடிகள் வரை தேக்கிவைக்கும் அமைப்பும் அவருக்கு வாய்மொழிப் பாடகரின் கைவேலை. அதே பர்மிங்காமில் தாம்சனிடம் பயின்ற கா. சிவத்தம்பி, 1981இல் வெளியான பண்டைத் தமிழ் நாடகம் பற்றிய நூலில், இந்த நிகழ்த்துகலைஞர்களின் சமூக வாழ்வைத் தனியே ஆராய்ந்தார்.

வன்பரணரின் 150, 152 ஆகிய இரண்டையும் அருகருகே வைத்தால் கைலாசபதியின் வாதம் எவ்வளவு பொருந்துகிறது என்பது தெரியும். 150இல், பருந்தின் நனைந்த சிறகு போலக் கிழிந்த ஆடையோடு ஓர் இரவலன் பலாமரத்தடியில் சோர்ந்து கிடக்கிறான். மானை வேட்டையாடிய குருதி காலில் படிந்திருக்க, செல்வத் தோற்றமுள்ள ஒருவன் வருகிறான். தீக்கடைந்து இறைச்சி சுட்டு உண்ணக் கொடுக்கிறான். மார்பின் ஆரத்தையும் முன்கைக் கடகத்தையும் கழற்றித் தருகிறான். எந்த நாட்டவன் என்றாலும் சொல்லவில்லை, பெயரும் சொல்லவில்லை. வழியில் பிறர் சொல்லித்தான் அவன் தோட்டிமலை நள்ளி என்று தெரிகிறது. காடு, வேட்டை, யாரென்று தெரியாத வள்ளல், கேட்கும் முன் வரும் இறைச்சி, அங்கேயே கிடைக்கும் பொன், கடைசியில் வெளிப்படும் பெயர் என்று எலும்புக்கூடு இரண்டு பாட்டுக்கும் ஒன்றுதான். ஒன்றில் இரவலன் தனியாகவும் பசியோடும் வாய்மூடியும் இருக்கிறான். மற்றதில் ஒரு குழுவே கருவிகளோடு முழங்குகிறது. ஒன்றில் வள்ளல் பெயரை மறைக்கிறான், மற்றதில் பெயர் சொல்லப்பட்டதும் நாணுகிறான். ஒரே காட்சியை வெவ்வேறு வள்ளலுக்கு வெவ்வேறு அரங்கில் மாற்றிக் கட்டும் இந்தத் திறமைதான் லார்டு விவரித்த பாடகர்களின் திறமை.

ஆனால் கோட்பாடு முழுதும் ஒட்டவில்லை. பாரியும் லார்டும் ஆராய்ந்தவை நெடுங்கதைகள். புறப்பாட்டுகளில் பெரும்பாலானவை ஒரு பக்கத்துக்குள் அடங்குபவை. அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் ஹார்ட் 1975இல் வெளியிட்ட நூலில் மாற்று விளக்கம் ஒன்றைத் தந்தார். பாணரும் துடியரும் பாடிய வாய்மொழிப் பாட்டுகள் முன்பே இருந்தன. எழுத்தறிந்த புலவர்கள் அவற்றின் வடிவத்தையும் குரலையும் எடுத்துக்கொண்டு பாடினார்கள். புலவன் பாணனின் வேடத்தில் பேசுகிறான் என்பது அவர் கருத்து. இதன்படி 152இல் கோலை வாங்கிக்கொள்பவன் வன்பரணர் அல்லர், வன்பரணர் படைத்த ஒரு பாத்திரம்.

டச்சு அறிஞர் ஹெர்மன் டீக்கன் 2001இல் இன்னும் வெகுதூரம் போனார். சங்கப் பாட்டுகள் எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியர் அவையில் பழங்காலத்தைக் கற்பனை செய்து எழுதப்பட்டவை, வடமொழிக் காவிய மரபைச் சேர்ந்தவை என்று வாதிட்டார். அப்படியானால் கொல்லிக் காட்டில் பாடிய குழுவும் ஓர் அரண்மனைக் கற்பனை. ஹார்ட்டும் ஜெர்மானிய அறிஞர் ஈவா வில்டனும் உட்பட அந்தத் துறையினர் பலர் இதை ஏற்கவில்லை. மொழியின் பழமை ஒரு மறுப்பு. கல்வெட்டு இன்னொன்று. கரூர் பக்கம் புகழூரில் ஆறுநாட்டார் மலைக் குகையில், இரும்பொறை மரபின் மூன்று தலைமுறையினரைக் குறிக்கும் தமிழ்ப் பிராமி எழுத்துகள் இருக்கின்றன. திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் 1981இல் கண்டுபிடிக்கப்பட்ட கல்வெட்டு, எழு வள்ளல்களில் ஒருவனான அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரையே தருகிறது. ஓரியின் பெயர் பொறித்த கல் கிடைக்காவிட்டாலும், அவனைச் சுற்றியிருந்த சேரரும் அதியரும் கல்லில் நிற்கிறார்கள். எட்டாம் நூற்றாண்டு அவைப்புலவர் ஒருவர் இத்தனை குறுநிலத் தலைவர்களையும் மலைகளையும் உறவுகளையும் இவ்வளவு பிசகில்லாமல் கற்பனையில் உருவாக்கினார் என்று நம்புவது கடினம்.

கைலாசபதிக்கும் ஹார்ட்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு அவ்வளவு எளிதில் தீர்வதில்லை. ஒரு பக்கம் சாய்ந்து தீர்க்கவும் வேண்டியதில்லை. 149இல் பண்ணும் பொழுதும் மாறியதைச் சொல்லும் நுட்பமும், 152இல் பதலையின் ஒரு கண்ணுக்குக் கொடுக்கும் கட்டளையும் அரங்கறிவு. 255இல் வேறொரு வன்பரணர் தெரிகிறார். உயிரிழந்த கணவனின் அருகில், பாலை நிலத்தில், தனியே நிற்கும் பெண்ணின் பேச்சு அது. ஓலமிட்டு அழப் புலிக்கு அஞ்சுகிறாள். தூக்கி அணைத்துக்கொள்ள அவன் மார்பின் அகலம் இடம் தரவில்லை. தன்னை நடுங்கவைத்த கூற்றம் தன்னைப் போல் நடுங்கட்டும் என்று சபிக்கிறாள். பிறகு உயிரற்றவனிடம், என் முன்கையைப் பற்றிக்கொண்டு சிறிது நட, மலைநிழலுக்குப் போய்விடலாம் என்கிறாள். 6 அடிகளில் முழவும் இல்லை, யாழும் இல்லை, பரிசிலும் இல்லை. முதுபாலைத் துறையைச் சேர்ந்த இந்தப் பாட்டைப் பாணர்குழு பாடியிருக்கும் என்று எண்ணுவதைவிட, ஒரு புலவர் ஒவ்வொரு சொல்லாக எண்ணி வைத்தார் என்று எண்ணவே தோன்றுகிறது. ஒரே பெயரின் கீழ் இரண்டு வகையும் இருப்பது, பாடும் அரங்கும் புலவரின் தனிமையும் அன்றைக்கு வெகுதூரம் விலகியிருக்கவில்லை என்பதற்கே சான்று.

தமிழுக்கு வெளியே வன்பரணரை அறிமுகப்படுத்தியதும் இந்த 255 ஆம் பாட்டுதான். ஏ. கே. ராமானுஜன் 1985இல் கொலம்பியா பல்கலைக்கழகப் பதிப்பாக வெளியிட்ட அகம், புறம் பாட்டுகளின் ஆங்கிலத் தொகுப்பில் அது இடம்பெற்றது. சொற்களைச் சிதறவிட்டு, இடைவெளிகளோடு பக்கத்தில் அடுக்கும் அவருடைய முறைக்கு அந்தப் பெண்ணின் தடுமாறும் பேச்சு நன்றாக ஒத்துப்போனது. ஓரிப் பாட்டுகள் ஆங்கிலத்தில் முழுதாகக் கிடைத்தது 1999இல், ஜார்ஜ் ஹார்ட்டும் ஹாங்க் ஹைபெட்ஸும் புறநானூறு முழுவதையும் மொழிபெயர்த்தபோது. கருவிகளின் பெயர்ப் பட்டியல் எந்த மொழிபெயர்ப்பிலும் தன் ஓசையை இழக்கும். 152 உலகத் தொகுப்புகளில் அதிகம் வராததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கொல்லிமலையில் இன்று வாழும் மலையாளிப் பழங்குடியினர் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தோர் என்று கதை சொல்கிறார்கள். அந்தக் கதையில் ஓரி இல்லை. மலையின் பாவை எட்டுக்கை அம்மனாகக் கோயில் கொண்டிருக்கிறாள். ஓரியின் பெயர் இங்கே மறுபடி ஊன்றியதற்கு அச்சான புறநானூறும், அதிலிருந்து பாடநூலுக்கும் மேடைக்கும் போன கதைகளுமே வழி அமைத்தன. செம்மேட்டில் வில்லோடு அவனுக்குச் சிலை இருக்கிறது. ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கை ஒட்டித் தமிழக அரசு வல்வில் ஓரி விழா எடுக்கிறது. வில்வித்தைப் போட்டியும் மேடையில் நாட்டுப்புறக் கலைகளும் நடக்கின்றன. சுற்றுவட்டாரத்து மக்கள் அருவியில் நீராடி, அறப்பளீசுவரரைக் கும்பிட்டு, விழாவுக்கும் வந்து போகிறார்கள்.